பொங்கிய கஞ்சியும் தப்பிய பணமும்: மோசடி அழைப்புகளில் நாம் விடும் தவறுகள்

அடுப்பில் சோற்றுக் கஞ்சி பொங்கி வழிந்திராவிட்டால் என் சின்னம்மாவின் ஓய்வூதியப் பணம் அன்றே போயிருக்கும்.

காலை பதினொரு மணி. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், நான்காம் மாடி வீடு. ஒரு வங்கியின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓர் இளைஞன் பேசினான். நல்ல தமிழ், அதைவிட நல்ல பணிவு. "அம்மா, உங்கள் அட்டை இன்று மதியத்தோடு முடக்கப்படுகிறது" என்றான். முழுப் பெயரைச் சொன்னான், பிறந்த திகதியைச் சொன்னான். இப்போது ஆறு இலக்கங்கள் வரும், வாசியுங்கள் என்றான். சின்னம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, குறுஞ்செய்தியைத் திறந்து, நான்கு இலக்கங்களை வாசித்துவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்தது. எரிவாயு மணக்க, போனை மேசையில் போட்டுவிட்டு ஓடினார். அடுப்பைத் துடைத்து, யன்னலைத் திறந்து, திரும்பி வருவதற்குள் அந்த ஓடிபியின், அதாவது ஒரு தடவை மட்டும் செல்லுபடியாகும் இரகசிய இலக்கத்தின், ஆயுள் முடிந்திருந்தது. அவன் மறுபடி அழைத்தபோது போனை எடுத்தது நான். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான்.

"பிறந்த நாள்கூடத் தெரிந்திருக்கிறதே, வங்கிக்காரன் இல்லாமல் வேறு யார்?" என்று சின்னம்மா கேட்டார். பெரும்பாலானோர் விழும் முதல் குழி இதுதான். நம் தேசிய அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே பிறந்த திகதி ஒளிந்திருக்கிறது. ஒன்பது இலக்கங்கள் கொண்ட பழைய அட்டையில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 65545 என்று தொடங்கினால் 1965ஆம் ஆண்டு பெப்ரவரி 14 அன்று பிறந்த பெண். பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டையிலும் இதே கணக்குதான், ஆண்டு மட்டும் நான்கு இலக்கங்களில் முழுதாக இருக்கும். அந்த இலக்கத்தை எத்தனை இடங்களில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்! குலுக்கல் கூப்பன், மாடிவீட்டு வாயிலில் காவலாளி நீட்டும் பதிவேடு, போட்டோ பிரதிக் கடையில் மறந்துவிட்டு வந்த தாள். பெயரும் பிறந்த நாளும் சொல்கிறவனிடம் உங்கள் அடையாள அட்டை இலக்கம் அகப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

திரையில் தெரியும் தொலைபேசி இலக்கமும் சாட்சி ஆகாது. அழைப்பவர் இலக்கத்தை வேறொன்றாகக் காட்டும் தொழில்நுட்பம் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. 011இல் தொடங்கினால் கொழும்பு அலுவலகம் என்று நினைப்பது பழைய காலத்துப் பழக்கம். நான் வீட்டில் சொல்லி வைத்திருப்பது ஒன்றே: நமக்கு வந்த அழைப்பில் எந்தப் பணக் காரியத்தையும் முடிக்கக் கூடாது. வைத்துவிட்டு, வங்கி அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் இலக்கத்துக்கு நாமே அழைக்க வேண்டும். அவன் தரும் இலக்கத்துக்கு அழைத்தால் அவனுடைய கூட்டாளிதான் எடுப்பான். ஓடிபி வந்த குறுஞ்செய்தியை முழுதாக வாசிக்கும் பழக்கமும் வேண்டும். சின்னம்மாவுக்கு வந்ததில், எவரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஆங்கிலத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. இலக்கத்தை மட்டும் தேடிய கண்ணுக்கு அது படவில்லை.

கொழும்புத் தமிழர்களுக்கென்றே இன்னொரு தவறு உண்டு. மறுமுனையில் சிங்களத்தில் படபடவென்று பேசினால், பாதி விளங்காமலேயே "ஹரி, ஹரி" என்று தலையாட்டுகிறோம். விளங்கவில்லை என்று சொல்ல ஒரு கூச்சம். பேசுகிறவன் பொலிஸ் என்றோ குற்றப் புலனாய்வுத் திணைக்களம் என்றோ சொல்லிவிட்டால், கூச்சத்தோடு பழைய பயமும் சேர்ந்துகொள்கிறது. உங்கள் பெயரில் சிம் எடுத்துக் குற்றம் செய்திருக்கிறார்கள், கைது செய்யாமல் இருக்கப் பணம் கட்டுங்கள் என்பான். எந்த வழக்கும் போனில் பணம் கட்டித் தீர்வதில்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. உண்மையான திணைக்களம் என்றால் தமிழில் கடிதம் அனுப்பட்டும் என்று சொல்லி வைத்துவிடலாம். அந்தக் கடிதம் வர எத்தனை மாதமாகும் என்பது வேறு கதை. இதற்கு நேர்மாறான பலவீனமும் நமக்கு உண்டு. தமிழில் பேசினால் "நம்மாள்" என்று உடனே இளகிவிடுகிறோம். சின்னம்மா இளகியது அதற்குத்தான்.

தெரியாத வெளிநாட்டு இலக்கங்களை எடுக்காதீர்கள் என்று பொதுவாக அறிவுரை சொல்வார்கள். பிள்ளை கனடாவிலும் மருமகள் வீட்டார் லண்டனிலும் இருக்கும் குடும்பத்துக்கு இது நடவாத காரியம். ஆனால் +1 என்று கண்டதும் கனடா என்று முடிவு கட்டக் கூடாது. அமெரிக்காவும் கரீபியன் தீவுகள் பலவும் அதே 1இல்தான் தொடங்குகின்றன. அதற்கடுத்த மூன்று இலக்கங்களைப் பாருங்கள்: 416, 647 என்றால் டொராண்டோ, 876 என்றால் ஜமேக்கா, 473 என்றால் கிரனாடா. ஒரே ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிடுவதும் ஒரு தந்திரம். ஜப்பானில் இதற்கு வாங்கிரி என்று பெயர். பதறித் திருப்பி அழைத்தால் கட்டணம் நம் தலையில் ஏறும், அதில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகும். மகன் என்றால் மறுபடி எடுப்பான், இல்லாவிட்டால் வட்ஸ்அப்பில் திட்டுவான்.

இலக்கத்தைத் தடுப்பது எளிது. பல அன்ட்ரொய்ட் போன்களில் அண்மைய அழைப்புகளின் பட்டியலில் அந்த இலக்கத்தை அழுத்திப் பிடித்தால் 'புளொக்' என்று வரும். 'ஸ்பாம்' என்று முறையிடும் வசதி இருந்தால் அதையும் தொட்டுவிடுங்கள். ஐபோனில் இலக்கத்துக்குப் பக்கத்திலுள்ள வட்டத்துக்குள் போக வேண்டும். ஆனால் இதோடு வேலை முடிந்தது என்று இருப்பது தவறு. அவன் நாளைக்கு வேறு சிம்மில் வருவான். இலக்கம் இலக்கமாகத் தடுப்பது நுளம்பை ஒவ்வொன்றாகக் கையால் அடிப்பது மாதிரி. வலை கட்டுவதுதான் பயன் தரும். வட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி, கோல்ஸ் என்று போனால் அறியாதவர் அழைப்புகளை ஒலிக்காமல் செய்யும் பொத்தான் இருக்கிறது. வயதானவர்களின் போனில் அதை இன்றே போட்டுவிடலாம். அழைப்பு வந்தது பட்டியலில் பதிந்திருக்கும். மணி மட்டும் அடிக்காது. சாதாரண அழைப்புகளுக்கும் ஐபோனில் இப்படி ஒரு வசதி உண்டு, ஆனால் அதைப் போடுமுன் யோசியுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்தும் பொதி கொண்டுவரும் பையனிடமிருந்தும் வரும் அழைப்புகளும் அறியாத இலக்கங்களே.

அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலிகளில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. அவற்றில் தெரியும் பெயர் பெரும்பாலும் யாரோ எழுதிப் போட்டது. மோசடிக்காரன் தனக்குத் தானே வங்கியின் பெயரைச் சூட்டிக்கொள்ளத் தடை ஒன்றும் பெரிதாக இல்லை.

போனில் எதையாவது அழுத்தச் சொன்னால் அப்போதே வைத்துவிடுங்கள். *21* அல்லது **21* என்று தொடங்கி ஓர் இலக்கத்தையும் # அடையாளத்தையும் அழுத்தச் சொன்னால், உங்களுக்கு வரும் அழைப்புகள் அனைத்தும் அவன் பக்கம் திரும்பிவிடும். வட்ஸ்அப் தன் உறுதிப்படுத்தும் எண்ணைக் குரல் அழைப்பிலும் சொல்லும் என்பதால் அந்தக் கணக்கும் அவன் கைக்குப் போகலாம். பிறகு உங்கள் பெயரில் உறவினர் எல்லோரிடமும் பணம் கேட்பான். ஏற்கெனவே அழுத்திவிட்டீர்களா? ##002# என்று அழுத்தினால் திருப்பிவிடல்கள் எல்லாம் நீங்கும். வட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு, உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு பின் (PIN) இலக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். திரையைப் பகிரச் சொல்வதும் ஓடிபியை வாசிக்கச் சொல்வதும் ஒன்றுதான். நீங்கள் வாய் திறக்காமலேயே அவன் வாசித்துக்கொள்வான்.

இவ்வளவு தெரிந்திருந்தும் ஏமாந்தவர்கள் செய்யும் பெரிய தவறு, வெட்கப்பட்டு மறைப்பது. மகனுக்குத் தெரிந்தால் ஏசுவான் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தவர்களை நான் அறிவேன். இன்று வங்கிக்கு வங்கி பணம் சில நொடிகளில் போய்ச் சேர்கிறது. சேர்ந்த இடத்திலிருந்து எடுக்கவும் அவ்வளவு நேரம்தான். ஆகவே முதல் அழைப்பு வங்கியின் இருபத்துநான்கு மணி நேர இலக்கத்துக்கு: அட்டையையும் இணைய வங்கிச் சேவையையும் முடக்கச் சொல்ல வேண்டும். அடுத்து பொலிஸ் முறைப்பாடு. வட்ஸ்அப்போ பேஸ்புக்கோ பறிபோயிருந்தால் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் (CERT) நிறுவனத்தின் 101 இலக்கம். வந்த குறுஞ்செய்திகளையும் அழைப்புப் பட்டியலையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். முறைப்பாட்டுக்குக் கொண்டுபோக வேறொன்றும் கையில் இருக்காது.

சின்னம்மா இப்போது வங்கி இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறார். குரலையே போலியாகச் செய்கிறார்களாம் என்று யாரோ சொன்னதிலிருந்து இன்னும் இறுக்கம். போன மாதம் டொராண்டோவிலிருந்து மகன் புது இலக்கத்தில் எடுத்தான். ஊர் வீட்டில் வளர்த்த நாயின் பெயர் என்ன என்று கேட்டார். அவன் முதலில் சிரித்தான், பிறகு எரிச்சல் பட்டான், கடைசியில் சொன்னான். அதன் பிறகுதான் சாப்பிட்டாயா என்று கேட்டார்.