வீட்டுக் கோழி முட்டைல எது புதுசு, எது பழசு? குழம்பாம கணக்கு வச்சுக்குற வழி

வீட்டுல நாலஞ்சு நாட்டுக்கோழி வளர்த்தாலே போதும், கொஞ்ச நாள்லயே கூடைல இருக்குறதுல எது நேத்து வச்சது, எது போன வாரம் வச்சதுன்னு தெரியாமப் போயிரும். நாட்டுக்கோழி பத்து, பதினஞ்சு முட்டை வச்சிட்டு அடைக்கு உக்காந்துரும்ல, அதனால வர்றப்ப மொத்தமா வரும், அப்புறம் கொஞ்ச நாளைக்கு ஒண்ணுமே இருக்காது. தண்ணில போட்டுப் பாத்தா தெரிஞ்சிரும்னு எல்லாரும் சொல்வாங்க, சரிதான், ஆனா அது தேதி தெரியாத முட்டைக்குத்தான். தினமும் எடுக்குற முட்டைக்கு ஒரு பென்சில் போதும்.

முதல்ல, எடுக்குற நேரம். முக்காவாசிக் கோழி மதியத்துக்குள்ள வச்சிரும், அதனால காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பாருங்க. சித்திரை வெயில்ல மத்தியானமும் ஒரு எட்டு போய் பாத்துருங்க. ஏன்னா சேவல் கூடவே திரியிற கோழின்னா முட்டை கரு கூடின முட்டையாத்தான் இருக்கும், கிட்டத்தட்ட 21 டிகிரிக்கு மேல போனாலே கரு மெதுவா வளர ஆரம்பிக்கலாம், நம்ம ஊர்ல 38, 40 டிகிரி அடிக்கிறப்ப கோழி அடை உக்காராமலே உள்ள ரத்த நரம்பு ஓட ஆரம்பிச்சிரும்.

எல்லா முட்டையையும் வழிச்சு எடுத்துட்டா சில கோழி இடத்த மாத்திரும், அதனால ஒண்ண விட்டுட்டு எடுக்குறது வழக்கம். அந்த ஒண்ண சுத்தி பென்சில்ல ஒரு கோடு போட்டு வச்சிருங்க, அது சமையலுக்கு இல்ல. பிளாஸ்டிக் முட்டை கிடைச்சா இன்னும் நல்லது.

அடுத்தது தேதி. முட்டைய எடுத்து அடுப்படிக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே அகலமான பக்கத்துல 12/5 அப்படின்னு எழுதிருங்க, அப்புறமா எழுதிக்கலாம்னு வச்சா கண்டிப்பா மறந்துரும். எந்தக் கோழி வச்சதுன்னு தெரிஞ்சா அதுக்கு ஒரு எழுத்து, கருப்பிக்கு க, செவலைக்கு செ, இது எதுக்குன்னா எந்தக் கோழி முட்டைய நிறுத்திருச்சு, எது அடைக்கு வரப்போகுதுன்னு இதுலயே பிடிபடும். மார்க்கர் வேணாம், ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத துளை ஆயிரக்கணக்குல இருக்கு, மை உள்ள இறங்கலாம்.

கழுவாதீங்க. வச்ச முட்டை மேல மெல்லிசா ஒரு படலம் இருக்கும், அந்தத் துளைய எல்லாம் அடைச்சு வச்சிருக்குறது அதுதான். கழுவினா அது போயிரும், கிருமி உள்ள போக வழி ஆயிரும். எச்சம் ஒட்டியிருந்தா காஞ்ச துணியால தேச்சு எடுங்க. ரொம்ப அழுக்குன்னா வெதுவெதுப்பான தண்ணில கழுவி அன்னைக்கே சமைச்சிருங்க.

அடுக்குறது. கூர் முனை கீழ, புதுசு பின்னாடி, பழசு முன்னாடி, எடுக்குறது எப்பவும் முன்னாடி இருந்து. இது வீட்டுல எல்லாருக்கும் தெரியணும், ஒருத்தர் நடுவுல இருந்து உருவினாக்கூட வரிசை போயிரும். வெளிய வச்சா வெயில் காலத்துல ஒரு வாரத்துக்குள்ள தீத்துருவோம், ஃப்ரிட்ஜ்ல ஒரு மாசம் தாராளமா நிக்கும். ஆனா ஃப்ரிட்ஜ்ல வச்சத வெளிய எடுத்துத் திரும்பத் திரும்ப வைக்காதீங்க, வேர்த்து ஓடு ஈரமாயிரும்.

இப்ப தேதி தெரியாத முட்டை. வைக்கப்போருக்குள்ள, விறகு அடுக்குக்குப் பின்னாடி கோழி திருட்டுத்தனமா வச்சு வச்சு ஒரு நாள் எட்டு முட்டை மொத்தமா கிடைக்கும்ல, அதுக்குத்தான் தண்ணி. ஆழமான பாத்திரத்துல பச்சத்தண்ணி ஊத்தி ஒவ்வொண்ணா மெதுவா விடுங்க. புதுசு அடில போய் அப்படியே படுத்துரும். கொஞ்ச நாள் ஆனது அடிலதான் கிடக்கும், ஆனா அகலமான பக்கம் லேசா தூக்கும். இன்னும் பழசுன்னா கூர் முனைல நட்டுக்க நிக்கும். மிதந்துச்சுன்னா தூக்கிப் போட்டுருங்க. நாள் ஆக ஆக உள்ள இருக்குற ஈரம் துளை வழியா வெளிய போகுது, அந்த இடத்துல காத்து சேருது, அந்தக் காத்து அகலமான பக்கத்துலதான் இருக்கு, அதான் அந்தப் பக்கம் தூக்குது.

ஒண்ணு தெளிவா சொல்லிர்றேன், தண்ணி சொல்றது வயச மட்டும்தான், கிருமி இருக்கா, கரு வளர்ந்திருக்கான்னு சொல்லாது. அதனால இருட்டுல செல்ஃபோன் டார்ச்ச முட்டையோட அகலமான பக்கத்துல ஒட்ட வச்சுப் பாருங்க, சிலந்தி மாதிரி சிவப்பு நரம்பு தெரிஞ்சா விட்டுருங்க. மத்தத தனி கிண்ணத்துல உடைச்சு, மோந்து பாத்துட்டு அப்புறம் சட்டில ஊத்துங்க, ஒரு கூமுட்டை விழுந்தா மொத்தக் கலவையும் போச்சு. வெள்ளைக்கரு கெட்டியா மஞ்சக்கருவ சுத்தி நின்னா புதுசு, தண்ணியா ஓடுச்சுன்னா பழசு. சின்னதா ஒரு ரத்தப் பொட்டு இருந்தா பயப்பட வேணாம், அது முட்டை உருவாகுறப்பவே வர்றது.

அவிக்கிறதுக்கு மட்டும் ஒரு வாரம் ஆன முட்டைய எடுங்க, அன்னைக்கு வச்சத அவிச்சா ஓடு வெள்ளைக்கருவோட பிய்ச்சுக்கிட்டு வரும். ஆம்லெட்டுக்கும் அரை வேக்காட்டுக்கும் புதுசு. அடைக்கு வைக்கப்போற முட்டைய இந்த வரிசைல கலக்காம தனியா வச்சிருங்க, அதுலயும் தேதி வேணும், ஏழு நாளுக்குள்ள இருக்குறதா பாத்து வச்சாத்தான் பொரிப்பு நல்லா இருக்கும், அத தண்ணில போட்டு சோதிக்கவே கூடாது.