நாடுகளின் ஆரோக்கியத்தை ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்?

ஜப்பானில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 12 பேருக்கு மேல் இறக்கிறார்கள். கத்தாரில் 2 பேர்கூட இல்லை. அப்படியென்றால் கத்தார்க்காரர்கள்தான் ஆரோக்கியமானவர்களா?

ஜப்பானியர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். கத்தாரில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வேலைக்கு வந்த வெளிநாட்டினர், அதிலும் இளவயது ஆண்கள். வளைகுடாவுக்கு ஆள் போயிருக்கும் வீட்டில் கேட்டால் தெரியும்: மெடிக்கலில் பாஸானால்தான் விசா. உடம்புக்கு முடியாமல் போனாலோ வயதானாலோ ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். அப்புறம் அந்தச் சாவு இங்கேதான் பதிவாகும், அங்கே அல்ல.

வெறும் இறப்பு விகிதத்தை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. இரு நாட்டிலும் குழந்தைகள், நடுவயதினர், முதியவர்களின் பங்கு ஒன்றுபோல் இருந்தால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று கணக்கிட்ட, வயது தரப்படுத்திய விகிதத்தைத் தேடுங்கள். அதுவும் வயது வித்தியாசத்தைத்தான் சரிக்கட்டும். நோயாளி ஊர் திரும்பிவிடுவதை அது கண்டுகொள்ளாது.

சராசரி ஆயுள் என்ற எண்ணிலும் குழப்பம் உண்டு. சுதந்திரம் வாங்கிய காலத்தில் இந்தியாவில் அது 32 வயதை ஒட்டி இருந்தது. உடனே, அன்றைக்கு 32 வயதிலேயே எல்லாரும் போய்ச் சேர்ந்தார்கள் என்று நினைத்துவிடுகிறோம். பச்சைக் குழந்தைகள் ஏராளமாக இறந்ததுதான் சராசரியை அப்படி இழுத்தது. பிழைத்து வளர்ந்தவர்களில் தாத்தா பாட்டி ஆனவர்கள் நிறைய.

சரி, குழந்தைச் சாவையாவது நேராக ஒப்பிடலாமா? 'உயிருடன் பிறந்த குழந்தை' என்பதற்கு அந்த நாடு என்ன பொருள் வைத்திருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். சோவியத் கணக்கில், 28 வாரத்துக்கு முன்போ ஒரு கிலோவுக்குக் குறைந்த எடையிலோ பிறந்து ஏழு நாளுக்குள் இறந்த குழந்தை, உயிருடன் பிறந்ததாகவே சேரவில்லை. பல நாடுகளில் அதே குழந்தை பிறப்பிலும் வரும், இறப்பிலும் வரும். ஒரு மருந்தும் தராமல் விகிதத்தைக் குறைக்கும் வித்தை இது!

இதைவிட நுட்பமாக ஏமாற்றுவது புற்றுநோயில் ஐந்தாண்டு பிழைப்பு விகிதம், அதாவது நோய் கண்டுபிடித்து ஐந்தாண்டு கழித்தும் உயிரோடு இருப்பவர்களின் பங்கு. அமெரிக்க அரசியல்வாதி ரூடி ஜூலியானி 2007-ல் தன் பிரச்சாரத்தில், ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயில் பிழைக்கும் வாய்ப்பு அமெரிக்காவில் 82 சதவீதம், இங்கிலாந்தில் 44 சதவீதம்தான் என்றார். ஆனால் அந்த நோயால் இறந்தவர்களின் விகிதம் இரு நாட்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எப்படி? எழுபது வயதில் இந்த நோயால் இறக்கப்போகும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். தொந்தரவு வந்தபின் 67-ல் கண்டுபிடித்தால், ஐந்தாண்டு பிழைக்காதவர். ரத்தப் பரிசோதனையில் 62-லேயே கண்டுபிடித்தால், எட்டாண்டு பிழைத்தவர். ஆனால் மனிதர் ஒரு நாள்கூடக் கூடுதலாக வாழவில்லை. போதாக்குறைக்கு, உயிருக்கு ஆபத்தே இல்லாத கட்டிகளும் பரிசோதனையில் அகப்பட்டு 'பிழைத்தவர்' பட்டியலில் ஏறிவிடும். அமெரிக்காவில் அந்தப் பரிசோதனை பரவலாக நடந்தது. ஆகவே இறந்தவர்களின் எண்ணிக்கையை மொத்த மக்கள்தொகையால் வகுத்த எண்ணைப் பாருங்கள், நோய் கண்டவர்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டதை அல்ல.

கடைசியாக, மக்களிடமே கேட்டு எடுக்கும் சர்வேக்கள். 'உங்களுக்கு உடம்பு சரியில்லையா?' என்று கேட்டால் கேரளத்தில் 'ஆம்' என்பவர்கள் பீகாரைவிட மிக அதிகம் என்று பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 2002-ல் எழுதினார். அமெரிக்காவில் கேரளத்தைவிடவும் அதிகமாம். இந்தியாவிலேயே நீண்ட ஆயுள் கொண்ட மாநிலங்களில் ஒன்று கேரளம். படிப்பும் ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இருப்பவர்கள் மூட்டு வலியை நோய் என்று சொல்லுவார்கள். அவை எட்டாதவர்கள் அதை வயசு என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள்.