மலைவீட்டில் ஓவனை ஏற்றும் நாள்: கேக், சருமப் பராமரிப்பு, சிக்கன அலங்காரம்

நீலகிரியிலும் பழனி மலையிலும் மழையும் மூடுபனியும் சேர்ந்து ஆளை வெளியே விடாத நாட்கள் ஆண்டில் நிறையவே வரும். அப்படிப்பட்ட நாளில் வீட்டுக்குள் மகிழ்ச்சியாக இருக்கப் பெரிய செலவு தேவையில்லை. ஒரு கேக், கைக்கும் உதட்டுக்கும் ஒரு களிம்பு, பழந்துணியில் தைத்த ஒரு மெத்தைத் திண்டு ஆகியவை போதும். ஆனால், நமக்குக் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை சமவெளிச் சமையலறைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே வெண்ணெய் தானாக இளகும், தேங்காய் எண்ணெய் உறையாது, கேக் நடுவில் குழி விழாது. மலையின் உயரத்துக்கும் குளிருக்கும் ஏற்றபடி அவற்றை மாற்றிக்கொள்ளும் முறையையும், ஓவனை ஒருமுறை ஏற்றினால் அதன் சூட்டிலேயே மற்ற வேலைகளையும் முடித்துக்கொள்ளும் முறையையும் இங்கே பார்க்கலாம்.

மலைக்கான கேக் கணக்கு

உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்திலும், கொடைக்கானல் 2100 மீட்டர் உயரத்திலும், குன்னூர் 1850 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. உதகையில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். தண்ணீரும் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் குறைவாக இருப்பதால் பேக்கிங் பவுடர் வெளியிடும் வாயு மாவுக்குள் அளவுக்கு மீறி விரிகிறது. கேக்கின் உட்பகுதி வெந்து இறுகுவதற்கு முன்பே அது மேலே எழும்பி, தாங்க முடியாமல் நடுவில் அமுங்கிவிடுகிறது. அதே நேரத்தில் ஈரமும் விரைவாக ஆவியாவதால் சர்க்கரையின் செறிவு கூடி, கேக்கின் கட்டமைப்பு மேலும் தளர்கிறது. மலையில் கேக் குழி விழுந்தால் பலரும் இன்னும் கொஞ்சம் பேக்கிங் பவுடர் சேர்த்துப் பார்க்கிறார்கள். அது நிலைமையை மோசமாக்கவே செய்யும்.

ஆகவே, சமவெளிச் செய்முறை எதுவானாலும் நான்கு மாற்றங்களைச் செய்துகொள்ளுங்கள். பேக்கிங் பவுடரில் கால் பங்கைக் குறையுங்கள். ஒரு கோப்பைச் சர்க்கரைக்கு ஒன்று முதல் இரண்டு மேசைக்கரண்டி வரை எடுத்துவிடுங்கள். பாலையோ தயிரையோ இரண்டு மூன்று மேசைக்கரண்டி கூட்டுங்கள். ஓவனின் சூட்டை 5 முதல் 10 டிகிரி வரை உயர்த்துங்கள். குன்னூரிலும் கோத்தகிரியிலும் இருப்பவர்கள் சற்றுக் குறைவாக மாற்றினால் போதும்.

முதலில் செய்து பார்க்க உகந்தது கேரட் கேக். ஊட்டி கேரட் இங்கே மலிவாகவும் புதிதாகவும் கிடைக்கிறது என்பது ஒரு காரணம். வெண்ணெய்க்குப் பதிலாகச் சமையல் எண்ணெயில் செய்யப்படுவது என்பது அதைவிட முக்கியமான காரணம். 12 டிகிரிச் சமையலறையில் கல்லாகிப் போன வெண்ணெயைச் சர்க்கரையுடன் சேர்த்து நுரைக்க அடிப்பது தோள்வலியில்தான் முடியும். சூரியகாந்தி எண்ணெய்க்கு அந்தத் தொல்லை இல்லை, கேக்கும் மறுநாள் வறண்டு போகாது.

200 கிராம் மைதாவுடன் முக்கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு தேக்கரண்டி பட்டைத்தூள், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சேர்த்து இரண்டு முறை சலித்துக்கொள்ளுங்கள். மூன்று முட்டைகளைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு வைத்த பிறகு உடையுங்கள். குளிர்ந்த முட்டை எளிதில் நுரைக்காது. அவற்றுடன் 150 கிராம் சர்க்கரை சேர்த்து, நிறம் வெளிறும் வரை அடித்து, 140 மில்லி எண்ணெயையும் மூன்று மேசைக்கரண்டி பாலையும் மெல்லிய தாரையாக ஊற்றிக் கலக்குங்கள். மாவைச் சேர்த்தபின் அடிக்காமல், கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டி, இறுதியில் 200 கிராம் கேரட்டைத் துருவிப் போடுங்கள். கேரட்டைப் பிழிய வேண்டாம். மலையில் அந்த ஈரம் நமக்கு வேண்டும். ஏழு அங்குல டின்னில் முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாமல், 185 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம் வேகவிடுங்கள். அரை மணி நேரம் ஆகும் வரை கதவைத் திறக்காதீர்கள். சமவெளியில் ஒரு நொடித் திறப்பைக் கேக் மன்னித்துவிடும். சமையலறைக் காற்றே பனிக்காற்றாக இருக்கும் இடத்தில் அப்படி நடக்காது.

ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான அலுமினியப் பாத்திரத்தில் ஒரு கோப்பை உப்பைப் பரப்பி, ஒரு வளையத்தை வைத்து, மூடியிட்டுப் பத்து நிமிடம் மிதமான தீயில் சூடாக்கிய பின் டின்னை உள்ளே வைத்து, சிறு தீயில் 50 நிமிடம் போல விடலாம். மேற்புறம் சிவக்காது, சுவையில் குறை இருக்காது.

ரொட்டி, பன் போன்ற ஈஸ்ட் வகைகளுக்கு மலைக்குளிர் துணையாகவே இருக்கும். இரவில் பாதி அளவு ஈஸ்ட் போட்டுப் பிசைந்து மூடி வைத்தால், காலைக்குள் மெல்லப் புளித்து நல்ல மணத்துடன் எழும்பியிருக்கும். இரண்டு மடங்காகும் வரை காத்திருக்காமல், அதற்குச் சற்று முன்பே சுடத் தொடங்குங்கள். வர்க்கியை மட்டும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. விறகடுப்பில் சுட்டெடுக்கும் அந்த மொறுமொறுப்பு வீட்டு ஓவனுக்கு வசப்படாது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கியை அடுமனையில் வாங்கித் தேநீரில் நனைத்துத் தின்பதே அதற்குரிய மரியாதை.

மே, ஜூனில் பிளம்ஸ் மலியும்போது கேக்கின் நடுவில் தடவ ஜாம் கிளறுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஜாம் 105 டிகிரி வரும் வரை காய்ச்சப்பட வேண்டும் என்று எழுதியிருப்பதை உதகையில் பின்பற்றினால் அது கெட்டிப் பாகாகிவிடும். தண்ணீரின் கொதிநிலை குறைந்த அளவுக்கு இதையும் குறைத்து, 97, 98 டிகிரியில் இறக்க வேண்டும்.

அணைத்த ஓவனில் ஒரு களிம்பு

கேக்கை வெளியே எடுத்த பிறகும் ஓவனில் சூடு நெடுநேரம் தங்கியிருக்கும். அதை வீணாக்காமல், தேங்காய் எண்ணெயையும் தேன்மெழுகையும் ஒரு சிறிய எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு உள்ளே வையுங்கள். தேன்மெழுகு ஏறத்தாழ 63 டிகிரியில் உருகிவிடும் என்பதால், அடுப்புத் தீயை நாடாமலேயே, பதினைந்து இருபது நிமிடத்தில் கிண்ணம் முழுவதும் தெளிந்த பொன்னிறமாகிவிடும். காட்டுத்தேன் விற்கும் கடைகளில் மெழுகையும் கேட்டுப் பாருங்கள். கோத்தகிரிப் பக்கம் எளிதாகக் கிடைக்கிறது. துருவிப் போட்டால் சீக்கிரம் உருகும்.

விகிதத்திலும் மலைக்கெனத் தனிக் கணக்கு உண்டு. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் சொட்டாது என்பது மலைவாசிகள் அனைவருக்கும் தெரிந்ததே. எனவே சமவெளியில் மூன்று நான்கு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு மெழுகு என்றால், நமக்கு ஆறு பங்குக்கு ஒன்று போதும். ஊற்றுவதற்கு முன் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, அது வெளுத்து இறுகியதும் விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலுக்குக் கீழே இழுபட்டால் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுங்கள். தொட்டவுடன் வழுக்கிக்கொண்டு கரைந்தால் பதம் சரி. வாய் அகன்ற சிறிய டப்பாக்களில் ஊற்றி ஆறவிட்டால் உதட்டுக்கும் குதிகால் வெடிப்புக்கும் ஒரே களிம்பு கிடைத்துவிடும்.

இதில் நீலகிரித் தைலத்தைக் கலக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உதட்டுக்கும் முகத்துக்கும் வேண்டாம். அந்தத் தைலம் கடுமையானது. அதை நேரடியாகத் தோலில் தடவுவதும், சிறு குழந்தைகளின் மூக்குக்கருகே கொண்டு செல்வதும், உட்கொள்வதும் ஆபத்தானவை. பஞ்சில் நான்கு சொட்டு விட்டுக் கம்பளித் துணி அடுக்கிய அலமாரியின் மூலையில் வைப்பதே அதற்கு நல்ல இடம். மழைக்கால முடைநாற்றம் போய்விடும்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் காற்று வறண்டு, தோல் கோடு கோடாக வெளுக்கும். குளிருக்குப் பயந்து கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் குளிப்பதுதான் அதற்குப் பாதிக் காரணம். வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, உடலை முழுதாகத் துடைக்காமல், ஈரம் இருக்கும்போதே எண்ணெயோ களிம்போ தடவினால் ஈரப்பதம் உள்ளேயே தங்கும். சோப்புக்குப் பதிலாகக் கடலை மாவைப் பாலாடையில் குழைத்துப் பூசுவது நம் பாட்டிகளின் முறை. குளிர்காலத்துக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசும் வழக்கத்தை மட்டும் கைவிட்டுவிடுங்கள். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் புண்ணாகவும் கரும்புள்ளியாகவும் மாறலாம். உயரம் 1000 மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர்வீச்சு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது; குளிர்கிறதே என்று வெயிலை உணராமல் மொட்டை மாடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் சன்ஸ்கிரீன் அதிகம் தேவை.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் விளையும் பட்டர் ஃப்ரூட் கனிந்து குழைந்துபோனால் எறியாமல் மசித்துத் தலைமுடியில் அரை மணி நேரம் ஊற வைக்கலாம். எதையும் முதல்முறை பூசுவதற்கு முன் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒருநாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஸ்வெட்டரும் தேயிலைத் தூளும்

மலைவீடுகளில் பணமில்லாமல் கிடைக்கும் அலங்காரப் பொருள் என்றால் அது பழைய ஸ்வெட்டர்தான். முழங்கை தேய்ந்தது, பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போனது என்று ஒவ்வொரு பரணிலும் ஒரு மூட்டை இருக்கும். அவற்றில் திண்டு உறை தைக்கலாம். முதலில் அது உண்மையான கம்பளியா என்று சோதிக்க வேண்டும். தையல் மடிப்பிலிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டுங்கள். முடி பொசுங்கும் வாடை வந்து, கரி விரலில் பொடியாக நொறுங்கினால் கம்பளி. உருகிக் கடினமான கறுப்பு மணியாகச் சுருண்டால் அக்ரிலிக். மலிவு விலைக் கடைகளில் வாங்கியவை பெரும்பாலும் இரண்டாம் வகையாகவே இருக்கும்.

கம்பளியை நல்ல வெந்நீரில் சோப்புப் போட்டு, கம்பால் கலக்கிக் கலக்கி இருபது நிமிடம் அலசி, உடனே குளிர்ந்த நீரில் போட்டால் அது சுருங்கி, இழைகள் ஒன்றோடொன்று பின்னி, வெட்டினாலும் பிரியாத தடித்த துணியாகிவிடும். அக்ரிலிக் சுருங்காது, வெட்டுவதற்கு முன்பே கோட்டின் இருபுறமும் நெருக்கமாகத் தையல் ஓட்டிவிட வேண்டும். முன்புறம் பொத்தான் வைத்த ஸ்வெட்டராக இருந்தால் பாதி வேலை மிச்சம். பொத்தான்களைப் போட்டு மேசையில் விரித்து, திண்டைவிட 2 சென்டிமீட்டர் கூடுதலாக முன்னும் பின்னும் சேர்த்துச் சதுரமாக வெட்டி, உட்புறம் வெளியே வருமாறு வைத்து நான்கு பக்கமும் தைத்து, பொத்தான் வழியாகவே புரட்டி எடுங்கள். திண்டை நுழைக்கவும் துவைக்கக் கழற்றவும் அந்தப் பொத்தான்வரிசையே வாயாக அமைந்துவிடும்; ஜிப் வாங்கத் தேவையில்லை.

வெண்மை மங்கிய பழைய வேட்டிகளைத் திரைச்சீலையாக்க நீலகிரி டஸ்ட் தேயிலையே சாயம். இரண்டு லிட்டர் தண்ணீரில் நான்கைந்து மேசைக்கரண்டி தூளைக் கொதிக்கவிட்டு வடிகட்டி, நனைத்த துணியை அரை மணி நேரம் மூழ்க வைத்து அவ்வப்போது புரட்டுங்கள். தேயிலையிலுள்ள டானின் பருத்தியைத் தானாகவே பற்றிக்கொள்ளும். பாலியஸ்டர் கலந்த துணியில் ஒட்டாது. காய்ந்தபின் நிறம் ஒரு படி வெளிறும் என்பதால், வேண்டியதைவிட அடர்ந்ததும் எடுங்கள். பின்புறம் பழைய போர்வை ஒன்றை உள்துணியாகத் தைத்துவிட்டால் கண்ணாடி வழியே இறங்கும் குளிரும் குறையும்.

தோடர் பூவேலைச் சால்வை வீட்டில் இருந்தால் அதை வெட்டித் திண்டாக்கிவிடாதீர்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கறுப்புச் சிவப்புக் கைவேலையை நாற்காலியின் முதுகில் விரித்தாலே அறை நிறைந்துவிடும்.

பூக்களுக்கு ஹைட்ரேஞ்சாவைவிட மலிவானது இல்லை. மலையின் அமிலத்தன்மை கொண்ட மண்ணில் அது பெரும்பாலும் நீலமாகப் பூக்கிறது. புதிதாக விரிந்ததைப் பறித்தால் வாடிவிடும். செடியிலேயே முதிர்ந்து, இதழ்கள் காகிதம்போலச் சரசரக்கும் பருவத்தில் வெட்டி, ஓர் அங்குலத் தண்ணீரில் நிறுத்தி, அந்தத் தண்ணீர் வற்றும் வரை விட்டுவிட்டால் மாதக்கணக்கில் நிற்கும். பைன் காய்களையும் அடிப்புறம் வெள்ளி பூத்த சில்வர் ஓக் இலைகளையும் சாலையோரம் விழுந்தவையாகப் பொறுக்கலாம். சோலைக்காட்டுக்குள் போய்ப் பாசியையோ பெரணியையோ பெயர்த்து வருவது கூடாது.

அறைக்குக் கதகதப்பு வேண்டும் என்று கரி அடுப்பை உள்ளே கொண்டுவந்து கதவைச் சாத்துவது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லாததால் உறங்குபவர்களுக்குத் தெரியாமலே அது கொன்றுவிடும். புகைபோக்கி உள்ள கணப்பு இருந்தால் மட்டுமே நெருப்பு வளர்க்க வேண்டும்.

பழைய எஸ்டேட் பங்களாக்களிலிருந்து விற்பனைக்கு வரும் மேசை நாற்காலிகளை வாங்கும்போது விலையைப் பேசுவதற்கு முன் கவிழ்த்துப் பாருங்கள். கால்களின் அடியில் புதிய மாவுபோன்ற தூள் உதிர்ந்தால் உள்ளே வண்டு இருக்கிறது என்று பொருள், அதை விட்டுவிடுங்கள். நல்லதாக இருந்தால், மழைக்காலத்தில் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். சுவரில் மாட்டும் படங்களுக்கும் பின்புறம் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டுகளை ஒட்டினால் காற்று புகுந்து, பூஞ்சணம் பிடிக்காது.