உரைபெயர்ப்பு பழக நினைக்கிறீர்களா? காதிலிருந்து தொடங்குங்கள்

எழுத்தை மாற்றுபவர் மொழிபெயர்ப்பாளர். பேச்சை அங்கேயே மாற்றிச் சொல்பவர் உரைபெயர்ப்பாளர். இரண்டு மொழி சரளமாக வந்தால் போதும் என்று நினைத்துத்தான் பலரும் இதில் இறங்குகிறார்கள். ஆனால் ஆரம்பத்தில் திணறுவது பெரும்பாலும் சொல் கிடைக்காமல் அல்ல, கேட்டது மனதில் நிற்காமல்தான்.

படி 1: ஒரு நிமிடப் பேச்சைக் கேட்டு, நிறுத்திவிட்டு, அதே மொழியில் திருப்பிச் சொல்லுங்கள். மொழிமாற்றம் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்வதைப் போனில் பதிவுசெய்து ஒப்பிட்டால் எது விட்டுப்போனது என்று தெரியும். எண்களும் பெயர்களும்தான் முதலில் நழுவும்.

படி 2: குறிப்பெடுக்கப் பழகுங்கள். பேசுபவர் நிறுத்திய பிறகு நீங்கள் பேசும் முறைக்கு இதுதான் கைத்தடி. “போன வருடம் 40 பேர் விலகினார்கள், ஆனாலும் உற்பத்தி குறையவில்லை” என்பதை முழுதாக எழுத உட்கார்ந்தால் அடுத்த வாக்கியம் காதில் விழாது. “போ.வ. 40 வெளியே”, அதன் கீழே “ஆனா”, அதன் கீழே “உற்.” போட்டு, பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி வரைந்து, ‘குறையவில்லை’ என்பதற்காக அதன் மேல் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அவ்வளவுதான். நடுவில் இருக்கும் அந்த “ஆனா”வை மட்டும் விடாதீர்கள். அது போனால் பேசியவரின் வாதமே போய்விடும்.

படி 3: அப்புறம், பேசும்போதே மாற்றிச் சொல்வது. “ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப்” என்பது வரை கேட்டாலும் போட்டாரா, போடவில்லையா தெரியாது. ஆங்கிலத்திலோ அதை முதலிலேயே சொல்லியாக வேண்டும். தமிழைப் போல ஜெர்மனிலும் வினை கடைசிக்குப் போவதுண்டு. நாஜித் தலைவர்கள் மீது 1945இல் தொடங்கிய நியூரம்பெர்க் விசாரணையில் இப்படித்தான் பேசும்போதே மாற்றிச் சொன்னார்கள். பேச்சு வேகமெடுத்தால், பேசுபவரை மெதுவாக்க மஞ்சள் விளக்கை எரியவிட்டார்கள். நிறுத்தச் சொல்ல சிவப்பு. உங்களிடம் விளக்கு இருக்காது. பேசுபவருக்கு அரை வாக்கியம் பின்னால் வரப் பழகுங்கள். களைப்பு வரும், மாநாடுகளில் இருவர் உட்கார்ந்து 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வது அதனால்தான்.

படி 4: குணம். கேட்ட ரகசியம் வெளியே போகக் கூடாது, இதில் பேச்சே இல்லை. கோபமாகச் சொன்னதைப் பதமாக்கிச் சொல்லும் ஆசைதான் எனக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது. நல்ல மனசுதான், ஆனால் அது உங்கள் வேலை இல்லை. நோயாளி “எனக்கு வலிக்கிறது” என்றால் நீங்களும் “எனக்கு வலிக்கிறது” என்றே சொல்ல வேண்டும். “இவருக்கு வலிக்கிறதாம்” அல்ல. சரி, உங்களுக்கே ஒரு சொல் புரியவில்லை என்றால்? ஊகிக்காமல் நிறுத்தி, “உரைபெயர்ப்பாளர் விளக்கம் கேட்கிறார்” என்று சொல்லிக் கேளுங்கள். அங்கே “நான்” என்ற சொல் பேசுபவருக்குச் சொந்தம்.