ஒரே ஐபி முகவரியில் இரண்டு கருவிகள்: கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?

பெங்களூரு அல்சூரில் சித்தப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். "ஒரு பிரிண்ட் வருது, அடுத்தது வரமாட்டேங்குது. மிஷினையே மாத்திடலாமாடா?" என்று போனில் கேட்டார். பிரிண்டரில் பழுதே இல்லை. அதன் ஐபி முகவரியான, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் தனியாக இருக்க வேண்டிய எண்ணான 192.168.1.105-இல் (சுருக்கமாக 105) இன்னொரு கருவியும் உட்கார்ந்திருந்தது.

பிரிண்ட் கொடுத்ததும் கம்ப்யூட்டர், "105 யார்?" என்று நெட்வொர்க்கில் எல்லாரிடமும் கேட்கும். உரிய கருவி தன் மேக் முகவரியை, அதாவது தன் அடையாள எண்ணைச் சொல்லும். இதற்குப் பெயர் ஏஆர்பி; 1982-இல் வகுத்த முறை. வந்த பதில் உண்மைதானா என்று பார்க்க அதில் வழியில்லை. இரண்டு பேர் கை தூக்கினால் ஒரு நேரம் இவர், ஒரு நேரம் அவர். அதனால்தான் விட்டுவிட்டு வேலை செய்கிறது. இந்த மோதலில் விண்டோஸ் கம்ப்யூட்டர் மாட்டினால் பெரும்பாலும் திரையில் எச்சரிக்கை வரும். பிரிண்டரும் போனும் மோதினால் ஒரு சத்தமும் வராது.

படி 1: பிரிண்டரில் நெட்வொர்க் விவரத் தாளை அச்சடித்து, அதன் மேக் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பிரிண்டரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள்.

படி 3: நான் இரண்டு மாலைகளைத் தொலைத்தது இங்கேதான். கேபிளைப் பிடுங்கியதும் கமாண்ட் பிராம்ப்ட்டில் (விண்டோஸில் கட்டளை தட்டும் திரை) 'ஏஆர்பி -ஏ' (arp -a) போட்டுப் பார்த்தேன். 105-க்கு நேரே பிரிண்டரின் மேக் முகவரியே இருந்தது. சரி, வேறு யாரும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அது கம்ப்யூட்டர் முன்பே குறித்து வைத்த பழைய பதில்! முதலில் அதை அழிக்க வேண்டும். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, 'ஏஆர்பி -டி 192.168.1.105' (arp -d). அப்புறம், அந்த முகவரியில் யாராவது இருக்கிறார்களா என்று கூப்பிட்டுப் பார்க்கும் 'பிங் 192.168.1.105' (ping). அதன்பிறகே 'ஏஆர்பி -ஏ'. எல்லாம் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில். பிங்குக்குப் பதில் வராவிட்டாலும் பட்டியலைப் பாருங்கள். பிங்கைத் தடுக்கும் கருவிகூட ஏஆர்பி கேள்விக்குப் பதில் சொல்லும்.

எனக்கு வேறொரு மேக் முகவரி வந்தது. அதன் இரண்டாவது எழுத்து ஆங்கில 'இ' (E). அந்த இடத்தில் 2, 6, ஏ (A), இ (E) இவற்றில் ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் போன் தானே உருவாக்கிக்கொண்ட முகவரி. கடைப் பையனின் போன்தான். ரவுட்டர் 100 முதல் 199 வரையான முகவரிகளைத் தானாக வழங்கிக்கொண்டிருந்தது. பிரிண்டரில் 105-ஐ யாரோ கையால் போட்டிருக்கிறார்கள். காலையில் பிரிண்டரைப் போடுவதற்கு முன் பையன் வந்துவிட்டால், 105 அவன் போனுக்கு.

இதற்கு நெட்வொர்க் ஸ்கேனர் ஆப்கள் வேண்டாம். நான் பார்த்தவை முகவரிக்கு ஒரு வரிதான் காட்டின. இரண்டாவது ஆள் தெரியவே இல்லை.

படி 4: ரவுட்டரின் டிஹெச்சிபி (முகவரிகளைத் தானாக வழங்கும் வசதி) பக்கத்தில் 105-ஐப் பிரிண்டரின் மேக் முகவரிக்கே ஒதுக்கிவிடுங்கள். பிரிண்டரைத் தானியங்கி முறைக்கு மாற்றுங்கள். பிரிண்டருக்கு வேறு எண் போடுவதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். கம்ப்யூட்டர்களில் எதையும் தொட வேண்டியதில்லை. போனின் வைஃபையை அணைத்து, ரவுட்டரை ஒருமுறை நிறுத்திப் போட்டு, பிரிண்டரை முதலில் இணையுங்கள்.

பின்சேர்க்கை: படித்த ஒருவர், "எங்கள் வீட்டில் நெட்டே மொத்தமாக விட்டுவிட்டு வருகிறது" என்றார். மாடிக்காகப் பழைய ரவுட்டர் ஒன்றை அதன் லேன் (நெட்வொர்க் கேபிள்) துளை வழியாக முதல் ரவுட்டரோடு இணைத்திருந்தார். இரண்டுக்குமே முகவரி 192.168.1.1. பழையதைத் தனியாகக் கம்ப்யூட்டரில் செருகி, முகவரியை 192.168.1.2 ஆக்கி, அதன் டிஹெச்சிபியை நிறுத்திய பிறகு மறுபடி இணைக்கச் சொன்னேன். சரியாகிவிட்டது.