பழைய லாரி இன்ஜின்: அரை வேலையா, முழு வேலையா? முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் முதுநகரில் மீன் ஏற்றும் லாரியானாலும், பண்ருட்டியில் பலாவும் முந்திரியும் ஏற்றும் லாரியானாலும், வயதான இன்ஜின் புகை கக்கத் தொடங்கியதும் உரிமையாளர் முதலில் கேட்பது எவ்வளவு செலவாகும் என்பதைத்தான். இன்ஜினைத் திறந்து அளப்பதற்கு முன்பே அதற்குப் பதில் சொல்லிவிடுவதும், அந்தப் பதிலை வைத்தே அரை வேலை (தேய்ந்த சில பாகங்களை மட்டும் மாற்றுவது) அல்லது முழு வேலை (இன்ஜினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது) என்று முடிவு செய்வதும் பின்னால் வரும் வீண்செலவுக்கு வழிவகுக்கின்றன.

புகையின் நிறத்தை மட்டும் பார்த்து இன்ஜினை இறக்குவது முதல் தவறு. கரும்புகைக்கு ஏர் ஃபில்டர் அடைப்போ, நாசில் (டீசலைப் பீய்ச்சும் முனை) கோளாறோ, டீசல் பம்பின் தவறான அளவோ காரணமாக இருக்கலாம். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும் என்றாலும், அந்த ஆயில் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) வழியாக வருகிறதா, வால்வு கைடு (வால்வுத் தண்டு நகரும் குழல்) வழியாகவா, டர்போ வழியாகவா என்பதை அது சொல்லாது. வால்வுகள் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, இன்ஜின் சுழலாதபடி பிடித்துக்கொண்டு, நாசில் துளை வழியே பட்டறை கம்ப்ரஸர் காற்றைச் செலுத்தினால், காற்று எங்கே வெளியேறுகிறது என்பதைக் கேட்டே ஓரளவு தெரிந்துகொள்ளலாம்: ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங் அல்லது லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை), ஏர் ஃபில்டர் பக்கமோ சைலன்ஸர் பக்கமோ கேட்டால் வால்வு, ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் கேஸ்கட் அல்லது விரிசல். அரைமணி நேரத்தில் முடியும் இந்தச் சோதனையை ஏனோ பலரும் செய்வதில்லை.

ரேடியேட்டர் நீரில் ஆயில் கலந்தவுடன் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று தீர்மானிப்பதும் அவசரமே, ஏனெனில் ஆயில் கூலர் ஓட்டையானாலும் அதே அறிகுறி தென்படும். நம் கரையோரத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உப்பு ஏறிய போர் தண்ணீரைக் கூலண்டுக்குப் பதிலாக ஆண்டுக்கணக்கில் ஊற்றிய இன்ஜினில், தண்ணீர் நேரடியாகப் படும் லைனரின் வெளிப்புறமும், அடியில் ரப்பர் வளையம் அமரும் பிளாக் பகுதியும் அரித்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் புது லைனர் இறக்கினால் தண்ணீர் மறுபடியும் ஆயிலுக்குள் இறங்கும்.

செலவைக் குறைக்க ரிங் மட்டும் மாற்றுவது, என் கருத்தில், எல்லாவற்றிலும் ஏமாற்றமானது. லைனர் மேல்பகுதியில்தான் அதிகம் தேயும் என்பதால், போர் கேஜ் (துளையின் உள்விட்டத்தை அளக்கும் கருவி) கொண்டு மேலும் கீழும், குறுக்கும் நெடுக்குமாக அளந்து, உற்பத்தியாளர் தந்த வரம்புக்குள் இருந்தால் மட்டுமே ரிங்கோடு நிறுத்தலாம். தேய்ந்து நீள்வட்டமான துளையில் புது ரிங் சரியாக ஒட்டி உட்காராது. பேக் கம்ப்ரஷனும் (எரிவாயு ரிங்கைத் தாண்டிக் கீழே கசிவது) ஆயில் செலவும் சில மாதங்களில் திரும்பிவிடும். மாறாக, துளையும் கிராங்க்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) அளவில் நின்று, வால்வு மட்டும் தேய்ந்திருந்தால் ஹெட் வேலையோடு முடிப்பதில் குறையொன்றும் இல்லை.

பேரிங் ஓடிய (தேய்ந்து உருகிப்போன) இன்ஜினில் புது பேரிங் போட்டு மூடிவிடுவது இன்னும் கொடியது. கிராங்க்கின் ஒவ்வொரு ஜர்னலையும் (பேரிங்கில் சுழலும் பகுதி) மைக்ரோமீட்டரால் அளந்து, தேவையானால் 0.25, 0.50 மில்லிமீட்டர் என்ற படிகளில் கிரைண்ட் செய்து, அதே அளவு பேரிங் பொருத்த வேண்டும். ஏற்கெனவே கடைசிப் படிக்குப் போய்விட்ட கிராங்க்கை மாற்றுவதுதான் வழி. உருகிய பேரிங்கின் துகள்கள் ஆயில் கூலரிலும் ஆயில் துளைகளிலும் தங்கியிருப்பதால், அவற்றைக் கழுவாமல் விட்டால் புது பேரிங்கையும் தின்றுவிடும்.

பிளாக் வெடித்திருந்தால், வார்ப்பிரும்பைச் சூடேற்றாமல் வெல்டிங் செய்யக் கூடாது. வெல்டிங் செய்த இடத்துக்கு அருகிலேயே மறுபடி வெடிக்கும். தண்ணீர்ச் சுவரில் உள்ள சிறு விரிசலை ஆணியடித்துத் தைக்கும் முறையில் சரிசெய்யலாம், மெயின் பேரிங் இருக்கையில் விரிசல் என்றால் பிளாக்கை மாற்றுவதே நல்லது.

முழு வேலைக்குப் பணம் கட்டுமுன் வண்டியின் அடிப்பகுதியையும் குனிந்து பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் சேஸிஸ் அரித்துப்போன வண்டிக்கு முழு இன்ஜின் வேலை செய்து பயனில்லை. பிளாக்கையோ இன்ஜினையோ மாற்றினால், அது கடலூர்ப் பதிவானாலும் புதுச்சேரிப் பதிவானாலும், புது இன்ஜின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிவிட வேண்டும். எட்டு ஆண்டைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்றுச் சோதனை) உண்டு என்பதால், அடுத்த சோதனையிலேயே எண் மாறியது தெரிந்துவிடும்.