ஏஸ் ஜோடி வந்தால் எவ்வளவு ஏற்றுவது? போக்கர் டோர்னமென்டின் முதல் லெவல்கள்

டெக்சஸ் ஹோல்டெம் விதிகள் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் 10,000 சிப், பிளைண்ட் 50/100. அதாவது பிக் பிளைண்டைப் போல 100 மடங்கு சிப் (100 பிக் பிளைண்ட்). இந்தியாவில் இருப்பவர்கள் கவனிக்க: 2025ஆம் ஆண்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் போக்கரைத் தடை செய்துவிட்டது. இலவச சிப் மேசையில் பழகுங்கள், கணக்கு அங்கேயும் இதேதான்.

படி 1: சீட்டைத் தேர்ந்தெடுங்கள். ஏஸ், கிங், குயின் ஜோடிகள், அப்புறம் ஏஸ்-கிங். எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாலும் இவற்றோடு ஏற்றலாம் (ரெய்ஸ்). ஜாக் ஜோடி, பத்து ஜோடி, ஏஸ்-குயின் கிடைத்தால், முன்னால் யாரும் ஏற்றாதபோது ஏற்றுங்கள். பழகும்வரை மீதியைப் பெரும்பாலும் ஃபோல்ட் செய்வதே நல்லது. சலிப்பாகத்தான் இருக்கும். ஏஸ் ஜோடியே சராசரியாக 221 கைக்கு ஒரு முறைதான் வரும்.

படி 2: ஏற்றும் அளவு. பலரும் சறுக்குவது இங்கேதான். யாரும் உள்ளே வரவில்லை என்றால் 300 போதும். ஏற்கெனவே மூன்று பேர் ஏற்றாமல் தலா 100 மட்டும் போட்டு உள்ளே வந்திருந்தால் (லிம்ப்)? இரண்டு பிளைண்டையும் சேர்த்து பாட்டில் (pot), அதாவது நடுவில் குவிந்த பந்தயத்தில், 450 இருக்கிறது. நீங்களும் 300க்கு ஏற்றினால், அந்த மூவருக்கும் இன்னும் 200தான் செலவு. விடுவார்களா? கூட்டமாக வந்துவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு லிம்ப்பருக்கும் 100 கூட்டி, 600 ஆக்குங்கள்.

இது ஏன் முக்கியம்? ஏஸ் ஜோடி, ஏதோ ஒரு கை வைத்திருக்கும் ஒருவருக்கு எதிராகச் சுமார் 85% ஜெயிக்கும். எதிரில் நான்கு பேர் என்றால் 56%தான். ஐந்து பேர் வந்தால் பாதிகூடத் தேறாது. ‘பதுங்கி ஆடி மாட்டவைக்கிறேன்’ என்று வெறும் கால் செய்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். வெற்றி வாய்ப்பைக் கணக்கிடும் ஈக்விலேப் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள். சிறந்த ஆட்டத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள்களான சால்வர்களைக் காசு கொடுத்து வாங்குவது தொடக்கத்தில் வீண்செலவு.

பல தளங்களில் செட்டிங்ஸில் ரெய்ஸ் பட்டனின் அளவை மாற்றலாம். 3 பிக் பிளைண்ட் என்று வைத்துவிடுங்கள். அவசரத்தில் மினிமம் பட்டனை அமுக்கும் தொல்லை போகும்.

படி 3: ஃப்ளாப்புக்குப் பிறகு பந்தயம் கட்டுங்கள், பாட்டில் பாதி அளவாவது. ஆனால் அதுவரை அமைதியாகக் கால் செய்தவர் டர்னில் திடீரென்று பெரிதாக ஏற்றினால், வெறும் ஒரு ஜோடிக்காக 100 பிக் பிளைண்டையும் கொட்டாதீர்கள். சின்ன ஜோடி வைத்திருப்பவருக்கு ஃப்ளாப்பிலேயே செட் (அதே எண்ணில் மூன்றாவது சீட்டு) விழ எட்டரைக்கு ஒன்று வாய்ப்பு உண்டு.

பின்சேர்க்கை: குயின் ஜோடி இருக்கும்போது ஃப்ளாப்பில் ஏஸோ கிங்கோ வந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். சுமார் 41% தடவை அப்படித்தான் வரும், பதற வேண்டாம். எதிரில் ஒருவர்தான் என்றால் பாட்டில் மூன்றில் ஒரு பங்கு கட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று பேர் இருந்தால் செக், பெரிய பந்தயம் வந்தால் ஃபோல்ட்.